வாய்க்கால் பாலம் வரைக்கும்

"வாய்க்கால் பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருங்க அம்மிணி" என்று அர்த்தநாரி வாத்தியார் சாவியை நீட்டுகிறார், நீட்டிவிட்டு விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டே நிற்கிறார், அப்புறம் விடுகிறார், விட்ட கை நேராக இடுப்புக்குப் போகிறது, முதுகில் டிஸ்க் விலகிவிட்டதாம், இனி பைக்கே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அதனால்தான் விற்கிறாராம், இல்லாவிட்டால் பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டியை யாராவது விற்பார்களா என்று நாங்கள் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிள்ளை மாதிரிதான் வைத்திருக்கிறார், டேங்கில் ஒரு கீறல் இல்லை, வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆன வண்டி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கறுப்பும் இல்லை நீலமும் இல்லை, மழை வருவதற்கு முந்தின வானத்தின் நிறம். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார், "வண்டி திரும்பி வராட்டி இவரை வெச்சுக்குங்க சார்" என்கிறேன், வாத்தியார் சிரிக்கிறார், உள்ளேயிருந்து அவர் சம்சாரமும் சிரிக்கிற சத்தம், இவர் மட்டும் சிரிக்கவில்லை, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதில் இருக்கிற டிஸ்க் பிரேக்கை. வாத்தியாருக்கு டிஸ்க் முதுகில், இவருக்கு மண்டைக்குள். நான் பொத்தானை அமுக்குகிறேன். ஒரு பொத்தான், அவ்வளவுதான், கட்டை விரல் போதும், வண்டி உயிர் வந்து முணுமுணுக்கிறது, உதைக்க வேண்டாம், சாய்த்து வைத்து உதைக்க வேண்டாம், சோக்கை இழுத்து உதைக்க வேண்டாம், கடவுளே, வலது முட்டி என்னைப் பார்த்து நிஜமாகவா என்று கேட்கிறது.

கேட் தாண்டித் தார் ரோடு, முதல் கியர், இரண்டாவது, இல்லை, இல்லை, அது இரண்டாவது இல்லை, வண்டி உறுமிக்கொண்டு தலையைக் குனிகிறது, நம் பழைய வண்டியில் எல்லாக் கியரும் முன்னால் மிதிக்க வேண்டும், இதில் ஒன்று மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே, வாத்தியார் கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார், எனக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. கால் பதினெட்டு வருஷமாக ஒன்றையே படித்த கால். பின்னால் வாசலில் இவர் இந்த உறுமலைக் கேட்டிருப்பார், கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்திருப்பார். மேலே, கோகிலா, மேலே. பாதத்தைக் கியருக்கு அடியில் நுழைத்துத் தூக்குகிறேன், டக், அட, எவ்வளவு லேசு, கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்ட மாதிரி, மீட்டரில் இரண்டு என்று எண் வருகிறது, டக், மூன்று, என்ன கியரில் போகிறோம் என்று வண்டியே சொல்கிறது, கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எதையும் யாரும் இப்படிக் கேட்காமல் சொன்னதில்லை. நான் மாட்டு டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர், ஆனால் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் ஊசி போடுகிற அம்மிணி, சினை ஊசி, பின்சீட்டில் விந்துக் குச்சிகள் இருக்கிற நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிற வேலை. காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்குச் சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும், விட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், மாட்டுக்காரருக்கு அத்தனை நாள் தீவனம் தண்டம், மாடு வண்டிக்காகக் காத்திருக்காது, வண்டி எனக்காக எப்போது வேண்டுமானாலும் காத்திருக்கும், கிளம்பாமல்.

இப்படிச் சொல்கிறேனே, பாவம் அந்த வண்டி. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே இவர் வாங்கியது, நான் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான், மில்லு கிரவுண்டில் இவர் பின்னால் ஓடிவர ஓடிவர, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்போது சனம் நின்று வேடிக்கை பார்த்தது. இல்லை, இப்போது அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் திரும்பிப் போய்ச் சாவியைக் கொடுத்துவிடுவேன். வேறு எதை நினைப்பது, போன ஐப்பசியை நினை, அந்த இறக்கத்தை நினை. மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும், ரோட்டில் எவனோ டீசல் சிந்தியிருந்தான், முன்னால் போன டிராக்டர் சொல்லாமல் நின்றது, நான் பிரேக்கை மிதித்தேன், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது, ஆகாயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதுதான் ஞாபகம் இருக்கிறது, ஆகாயம் சாய்ந்தது. எழுந்ததும் முதலில் கேனைத்தான் பார்த்தேன், அது வயலில் சேற்றுக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றது, மூடிகூடத் திறக்கவில்லை, எனக்கு முழங்கை முழுக்கத் தோல் போயிருந்தது. அன்றிலிருந்து ஈரத் தார் ரோட்டைப் பார்த்தால் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கையை மூடிக்கொள்கிறது. அன்றிலிருந்துதான் இவரும் ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு, அதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதாவது சேரும், பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்த டிஸ்க் வைத்த முன்ஃபோர்க், எவன் வண்டியிலிருந்தோ கழற்றிய செல்ஃப் மோட்டார், எல்இடி லைட்டு, புது போர் பிஸ்டன், மில்லில் ஃபிட்டர் இல்லையா, கை சும்மா இருக்காது, ராத்திரி சாப்பிட்டானதும் பேப்பரை விரித்து அத்தனையையும் பரப்பி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் மாட்டிட்டா ஒனக்குப் புது வண்டியே தோத்துரும் பாரு" என்பார், முகம் அப்படி இருக்கும், தீபாவளிக்கு முந்தின நாள் பிள்ளைகள் முகம் இருக்குமே, அப்படி. அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது. எனக்கு அது வேண்டாங்க, நீங்கள் கழற்றி மாட்டினது வேண்டாம், யாரோ ஒரு வாத்தியார் ஓட்டின வண்டி போதும். எப்படிச் சொல்வது. பால் சொசைட்டிச் செயலாளர்தான் வாத்தியார் வண்டி விலைக்கு வருவதாகச் சொன்னார், "சும்மா பாக்கத்தானே போறோம்" என்றேன் இவரிடம், "பாக்கறதுக்கென்ன" என்றார், பழைய வண்டியிலேயே என்னைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார், வருகிற வழியெல்லாம் டிஸ்க் ஃபோர்க்குக்கு எந்த போல்ட் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் அவர் முதுகுக்குப் பின்னால் ம் ம் என்றேன்.

பாலம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா. பாலத்தின் கட்டைச் சுவரில் சட்டை இல்லாமல் ஒருவர் உட்கார்ந்து பல் துலக்குகிறார், கீழே வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு போகிறது, இங்கேதான் திரும்ப வேண்டும், வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, இண்டிகேட்டர் எங்கே இருக்கிறது, இதோ, ஆனால் பாலத்தின் மேல் திரும்புவது ஆபத்து, தாண்டித் திரும்பலாம், தாண்டினால் அங்கே ஒரு வளைவு, வளைவில் திரும்பக் கூடாது, வளைவு முடியட்டும், வளைவு முடிந்ததும் இருபக்கமும் நெல், நாற்று நட்டுப் பச்சை பிடித்த நெல், நடுவில் கோடு போட்ட மாதிரி வெறும் ரோடு, ஒரு வண்டி இல்லை, இதில் எவளாவது திரும்புவாளா. டக், நான்கு. காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதோரம் விசிலடிக்கிறது, வாய்க்கால் தண்ணீர் வாசனை, சேற்று வாசனை, எங்கோ வெல்லம் காய்ச்சுகிற வாசனை, பழைய வண்டியில் எனக்கு வாசனையே வராது, புகைதான் வரும், அதுவும் சத்தத்தில் மூக்கு வேலை செய்யாது, காது மட்டும்தான் வேலை செய்யும், எந்த போல்ட் கழன்றது, எங்கே கடகடக்கிறது, இது மேட்டில் ஏறுமா, வண்டி ஓட்டும் நேரம் பூராவும் நோயாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதில் காதுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத காது என்ன செய்யும், பாடும். நான் பாடுகிறேனா? பாடுகிறேன். சொல் எதுவும் இல்லாத ஏதோ ஒரு ராகம், மூடின ஹெல்மெட்டுக்குள் எனக்கே என் குரல் நன்றாக இருக்கிறது. வாத்தியார் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும். நாற்பத்தாறு வயதில் ஒரு பொம்பளை வண்டியைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள் என்று போலீசில் சொல்லட்டும், என்ன நிறம் என்று கேட்பார்கள், மழைக்கு முந்தின நிறம் என்று சொல்லட்டும். ஐயோ, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் காபி ஆறியிருக்கும், திரும்பு கோகிலா, அடுத்த தென்னந்தோப்பில் திரும்பிவிடு, தோப்பு வருகிறது, தோப்பு போகிறது. இது யாருடைய சந்தோஷம், வண்டியுடையதா, என்னுடையதா, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தேன், இவரிடம்கூடச் சொல்லாமல், எனக்கே சொல்லாமல்.

முன்னால் ரோடு மினுங்குகிறது. ஈரம். யாரோ வயலுக்கு மடை திருப்பியதில் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது, அடிவயிற்றில் அந்தக் கை மூடுகிறது, வேகத்தைக் குறைக்கிறேன், மெதுவாக, ஒன்றும் ஆகாது, வெறும் தண்ணீர்தான், டீசல் இல்லை, வானவில் தெரிகிறதா பார், தெரியவில்லை, சரி, மெதுவாக, அப்போதுதான் இடது பக்கத்து வரப்பிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டி துள்ளி ரோட்டுக்கு நடுவில் வந்து, நின்று, என்னைப் பார்க்கிறது. ஓடாதா. ஓடவில்லை. கையும் காலும் எனக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்துவிட்டன, இறுக்கி, எப்படிப் பிடிக்கக் கூடாதோ அப்படி, இனி பின்சக்கரம் வழுக்கும், ஆகாயம் சாயும், இதோ சாயப்போகிறது, ஆனால் பிடிக்குள் ஏதோ படபடவென்று அடிக்கிறது, கோழிக்குஞ்சைக் கைக்குள் மூடினால் துடிக்குமே அந்தத் துடிப்பு, பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, விரலில் துடிக்கத் துடிக்க வண்டி நேராக, நேராக, தண்ணீரைச் சீவிக்கொண்டு போய் நிற்கிறது. நின்றுவிட்டது. ஆகாயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குட்டி கழுத்தை நீட்டி டயரை மோந்து பார்க்கிறது, பிடிக்கவில்லை போல, தும்முகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது, ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டுச் சிரிக்கிறேன்.

வரப்பிலிருந்து ஆட்டுக்கார அக்கா கோலை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறாள். "ஏனுங், கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு?" நான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், அவள் முகம் மாறுகிறது. "அட, நம்ம ஊசி போடற அம்மிணிங்களா! தொப்பி போட்டிருந்ததுல தெரியலீங்க. அடி ஒண்ணும் படலீங்களே?" இல்லை என்று தலையாட்டுகிறேன். அவள் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் பார்க்கிறாள், "வண்டி மாத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க?" "ஆமாங்க்கா" என்கிறேன், "மாத்திட்டனுங்க." "நல்லா இருக்குதுங்க, உங்க ஒசரத்துக்கு ஏத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, குட்டியின் காதைத் திருகித் திட்டிக்கொண்டே வரப்பில் இறங்கிப் போய்விட்டாள். மாத்திட்டனுங்க. யார் சொன்னது அதை. என் வாய்தான், எனக்குத் தெரியும், ஆனால் நான் யோசித்துச் சொல்லவில்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது, இன்னும் விலை பேசவில்லை, இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆட்டுக்கார அக்காவிடம் சொல்லியாயிற்று, சாயங்காலத்துக்குள் இந்த வட்டாரத்தில் அத்தனை தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். இவருக்கு மட்டும் எப்படிச் சொல்வது.

ரோட்டோரம் பூவரச மரத்தடியில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நிற்கிறேன். இப்படிச் சொல்லலாம், உங்களுக்கு வேலைப் பளு, இதைக் கழற்றி மாட்ட நேரம் ஏது. பொய், அவருக்கு அதுதான் நேரமே. இப்படிச் சொல்லலாம், பழைய வண்டிக்கு எவ்வளவு செய்தாலும் அதன் இரும்புச் சட்டம் பழைய சட்டம்தானே. உண்மைதான், ஆனால் அவர் சட்டத்துக்கும் ஒரு வழி சொல்வார், வெல்டிங் வைப்பார். காரணம் சொன்னால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு போல்ட் இருக்கிறது. காரணம் இல்லாமல் சொல்ல முடியுமா, எனக்கு வேணும் என்று, அவ்வளவுதான், வேணும் என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதுண்டா, முட்டி வலிக்கிறது என்றேன், வண்டி கிளம்பவில்லை என்றேன், அவர் அதற்கு மருந்து தேடினார், தேடித் தேடிச் சாக்கு நிரம்பிவிட்டது, எனக்கு என்ன வேணும் என்று நான் சொன்னால்தானே அவருக்குத் தெரியும். அப்போது தூரத்தில் அந்தச் சத்தம். பார்க்கத் தேவையில்லை, அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன், சைலன்சரில் ஒரு ஓட்டை, செயினில் ஒரு தட்டல், வளைவுக்கு அந்தப் பக்கம் முதலில் புகை வருகிறது, பிறகு வண்டி வருகிறது, இவர் ஹேண்டில்பாரின் மேல் கவிழ்ந்துகொண்டு, அவருக்குப் பின்னால், ஐயோ, அர்த்தநாரி வாத்தியார், இரண்டு கையாலும் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டு.

இவர் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவார் போல. "எங்க போயிட்ட நீ? பாலத்துல பாத்தம், இல்ல. தோப்புல பாத்தம், இல்ல. நான் என்னன்னு நெனைக்கறது?" முகத்தில் ரத்தமே இல்லை, என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார், போன ஐப்பசியில் தோல் போன அதே முழங்கையை. "ஒண்ணும் ஆகலீங்க" என்கிறேன். வாத்தியார் இறங்கி, இடுப்பில் கைவைத்து, முதலில் தன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் மூச்சு விடுகிறார். "ஆடு குறுக்க வந்துச்சுங்க. ஈரத்துல. அப்படியே அமுக்கிட்டன். நின்னுருச்சு" என்கிறேன் இவரிடம். இவர் ஈர ரோட்டைப் பார்க்கிறார், டயரைப் பார்க்கிறார், குனிந்து டிஸ்க்கைத் தொட்டு, சூடு, கையை எடுத்துக்கொள்கிறார். "வழுக்கலியா?" "வழுக்கலீங்க." "நான் மாட்டற டிஸ்க்கும் நின்னிருக்கும்" என்கிறார், மெதுவாக, என்னிடம் கேட்கிற மாதிரி. இதோ, இங்கேதான், இதற்கு ஒரு காரணம் தேடாதே. "நின்னிருக்குங்க" என்கிறேன், "ஆனா எனக்கு இதுதான் வேணும்."

சொல்லிவிட்டேன். மேலே பூவரசில் ஒரு காக்கா இடம் மாறி உட்கார்கிறது. இவர் என்னைப் பார்க்கிறார், இத்தனை வருஷத்தில் என்னை இப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஏதோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பி நெல்லைப் பார்க்கிறார். "சிரிச்சிருக்க நீ" என்கிறார் இவர். "கண்ணெல்லாம் தண்ணியா இருக்குது." பிறகு திரும்பி, புகைந்துகொண்டு நிற்கிற பழைய வண்டியைப் பார்க்கிறார், டேங்கில் கைவைக்கிறார், முகத்தில் ஏதோ ஓடுகிறது, முதலில் வருத்தம் என்று நினைத்தேன், ஆனால் வருத்தம் இல்லை, அது வேறு, அது அந்தப் பேப்பரை விரித்து உட்காருகிற முகம். "அப்ப இது எனக்கா?" என்கிறார். "எனக்கே எனக்கா? திங்கக்கிழமை காலையில வண்டி வேணும்னு நீ கேக்க மாட்டியல்ல? எஞ்சினப் பூராவும் பிரிச்சு மாசக் கணக்குல போட்டு வெச்சாலும்?" "வருசக் கணக்குல போட்டு வெச்சுக்குங்க" என்கிறேன். "கூடத்துல மட்டும் பரப்பக் கூடாது." "வாசல்ல?" "வாசல்ல பரப்பிக்குங்க." ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது, நான் எத்தனை மாசமாக உருட்டிக்கொண்டிருந்தது, இவரும் பாவம், அவசரமாகச் செய்ய வேண்டுமே, நாளைக்கு அவள் வேலைக்குப் போக வேண்டுமே என்று பயந்து பயந்துதான் சாக்கைக் கட்டிவைத்திருந்தார் போலிருக்கிறது, நான் கேட்டதே இல்லை.

"நானு திரும்பி அந்த வண்டியில வரமாட்டனுங்க" என்கிறார் வாத்தியார். "எலும்பு எல்லாம் எடம் மாறிருச்சு. அம்மிணி, நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க." என் பின்னால் ஏறி உட்கார்கிறார், "என் வண்டியில நான் பின்னால உக்காந்ததே இல்லீங்க, சீட்டு நல்லாத்தான் இருக்குது" என்று ஆச்சரியப்படுகிறார். இவர் முன்னால் கிளம்பிவிட்டார், ஒரே உதை, அவர் உதைத்தால் மட்டும் அது ஒரே உதையில் கிளம்பும், புகையைக் கக்கிக்கொண்டு போகிறார், நான் பின்னால், டக், டக், கால் இப்போது தானாக மேலே போகிறது, தண்ணீர் ரோட்டைத் தாண்டுகிறேன், அடிவயிற்றில் ஒன்றுமில்லை, பசிதான் இருக்கிறது, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவரை முந்தலாமா, முந்தினால் என்ன நினைப்பார், இத்தனை நாள் முந்தியதில்லை, முந்த எதுவும் இருந்ததில்லை, இருந்தது ஒரே வண்டி. மெதுவாகவே போவோம், அவர் பின்னாலேயே, புகைக்குள்ளேயே. நெல் போகிறது, தோப்பு போகிறது. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்திருப்பார் போல, இடது கையை நீட்டி ஆட்டுகிறார், போ, போ என்று. நான் கொஞ்சம் முறுக்குகிறேன், வண்டி இதற்காகவே இருந்த மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு நொடி நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாக, அவர் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, சட்டை பின்னால் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, அப்புறம் அவர் பின்னால் போய்விட்டார், பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறார், "நான் வந்து சேர்றதுக்குள்ள வெலயப் பேசி முடிச்சுரு, கோகிலா! கொறைச்சுப் பேசு! வுட்றாத!"

என் தோளுக்குப் பின்னால் வாத்தியார் தொண்டையைச் செருமுகிறார்.

"எனக்கும் கேட்டுச்சுங்க, அம்மிணி" என்கிறார்.